ரோட்டவேட்டரை எந்த அளவோட நிறுத்திக்கணும்?

மண் பொடிப்பொடியா வருதேன்னு எல்லா உழவுக்கும் ரோட்டவேட்டரையே (டிராக்டர்ல மாட்டுற, கத்திகள் சுழன்று மண்ணைப் பொடியாக்குற கருவி) விடாதீங்க. அது 4–5 அங்குலம்தான் இறங்கும். வருஷக்கணக்கா அதையே ஓட்டினா அடிமண் இறுகி, தண்ணியும் இறங்காது, வேரும் இறங்காது. முதல்ல கொக்கிக் கலப்பை (கல்டிவேட்டர்); விதைக்கும் முன்னாடி ஒரே ஒரு சால் ரோட்டவேட்டர். ஏற்கெனவே இறுகின நிலமா? 2–3 வருஷத்துக்கு ஒருமுறை, மண் காய்ஞ்சிருக்கும்போது அடிமண்ணை ஆழமாக் கீறி உடைக்கிற உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில நெடுக்கா, பிறகு குறுக்கா ஓட்டுங்க.

ரோட்டவேட்டர் ஓட்ட ஈரம் சரியான்னு பார்க்க ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கி இடுப்பு உயரத்துல இருந்து போடுங்க. உதிர்ந்தா ஓட்டலாம்; அப்பளம் மாதிரி தட்டையா ஒட்டினா ரெண்டு நாள் பொறுங்க.

புதுக் கத்தி மாட்டினா ரெண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி முறுக்கணும். திரும்பும்போது தூக்கிட்டுத் திரும்புங்க, கத்தி வளையாது. கத்தித் தண்டுல சுத்தின கயிறு, வைக்கோலை இன்ஜினை அணைச்சிட்டுத்தான் எடுக்கணும். எடுக்காம விட்டு வச்சா ஆயில் சீல் (ஆயில் கசியாம தடுக்குற வளையம்) போயிடும்.