டச்பேடு மேலே எழும்பிய கதை

லேப்டாப்பின் டச்பேடு ஒரு மாதமாகச் சரியாக அமுங்கவில்லை. தூசிதான் என்று நினைத்து ஊதி ஊதிப் பார்த்தேன். ஒருநாள் மேசையில் வைத்தபோது லேப்டாப் தொட்டில் மாதிரி ஆடியது. அப்போதுதான் உறைத்தது: டச்பேடுக்கு அடியில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்கிறது.

உடனே சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, நன்றாக ஆறவிட்டேன். அடிமூடியைத் திறந்தால் மூன்று செல்களில் நடுவில் இருந்தது குட்டித் தலையணை போல் வீங்கியிருந்தது. லேசான இனிப்பு வாசம் வேறு. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் சிதைந்து வாயுவாகியிருக்கிறது. இரண்டு மின்முனைகளையும் பிரிப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அது கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகி, ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லையும் பற்றவைக்கும். வரும் புகையும் நச்சு.

ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாமே என்றார் நண்பர். நல்லவேளை, கேட்கவில்லை!

ஜன்னலைத் திறந்துவைத்து, முதலில் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றினேன். அப்புறம் திருகுகள். நெம்பவே இல்லை, ஒட்டியிருந்தால் கடைக்காரரிடமே விட்டிருப்பேன். கனெக்டரில் இன்சுலேஷன் டேப் சுற்றி, பேட்டரியை மணல் நிரப்பிய தகர டப்பாவில், மூடி போடாமல், வெளியே சிமென்ட் தரையில் வைத்தேன். மூடினால் வாயு தேங்கும்.

குப்பைத்தொட்டியில் போடவில்லை, குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். மறுநாள் மின்கழிவு சேகரிப்பில் கொடுத்தேன். புது பேட்டரி போட்டதும் டச்பேடு தானாகவே சரியாகிவிட்டது. இப்போது சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வைத்திருக்கிறேன்.