தப்பு மேளத்தை போனில் பதிவு செய்ய ஒரு கம்பளித் தொப்பி

தப்பு மேளம் அடிப்பதை போனில் பதிவு செய்யும்போது போனை ஒரு கம்பளித் தொப்பிக்குள் போட்டு, அடிப்பவரிடமிருந்து ஏழெட்டு அடி தள்ளி வையுங்கள். வேண்டுமென்றே மெருகில்லாமல் விடும் லோ-ஃபை இசைக்குத் தேவையான அந்த மங்கலான, கதகதப்பான ஓசை காசு செலவில்லாமல் கிடைத்துவிடும். இலங்கை மலையகக் குளிரில், ஹட்டன், நுவரெலியா பக்கம் தொப்பி இல்லாத வீடு ஏது?

கிட்டத்தில் வைத்தால் தப்பின் அடியை போன் மைக் தாங்காது. ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டு 'கரகர'வென்று ஆகிவிடும், பிறகு எந்த ஆப்பைப் போட்டாலும் பழைய ஓசை முழுசாகத் திரும்பாது. திறந்த வெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். கம்பளியோ மைக்கில் காற்று மோதுவதைத் தடுக்கும், கூர்மையான மேல் ஓசைகளையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும்.

அப்புறம், தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சிய உடனே பதிவை முடித்துவிடுங்கள். பனிமூட்டத்தில் தோல் ஈரம் இழுத்துத் தளர்ந்தால் சுருதி இறங்கிவிடும். அந்தத் தொய்ந்த ஓசையும் எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

உடுக்குக்கும் இது நன்றாகவே பொருந்தும். புல்லாங்குழல், ஜால்ரா, பாட்டு என்றால் தொப்பி வேண்டாம். மேல் ஓசை போனால் அவற்றில் உயிர் இருக்காது, பாட்டில் சொல்லும் விளங்காது. மழையில் நனைந்த தொப்பியையும் தவிருங்கள், போனுக்கு ஆகாது. லயத்துத் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கு மட்டும் ஒரு மடிப்புத் துணி போதும்.