பாடகருக்கு இடம்விட்டு கீபோர்டு வாசிப்பது எப்படி

செஷன் கீபோர்டு, அதாவது மற்றவர்களின் பாட்டுப் பதிவுக்குக் கூலிக்கு கீபோர்டு வாசிக்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்களை எடுத்ததும் ஸ்கேல் வாசிக்கச் சொல்வதில்லை. ஸ்பூனர் ஓல்டாம் வாசித்த இரண்டு பாடல்களைக் கேட்கச் சொல்வேன். 1943இல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்தவர், அங்கே மசில் ஷோல்ஸ் வட்டாரத்து ஸ்டூடியோக்களில் சோல் (கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த, உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை) பாடல்களுக்கு வாசித்தவர். அவரைவிட வேகமாக விரல் ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஒரு பாட்டுக்கு எவ்வளவு போதும் என்று அவரைப்போல் அறிந்தவர்கள் மிகக் குறைவு.

முதல் பாட்டு, 1966இல் பெர்சி ஸ்லெட்ஜ் பாடிய 'வென் அ மேன் லவ்ஸ் அ வுமன்'. அதில் வரும் ஃபார்ஃபீசா ஆர்கன் ஓல்டாம் வாசித்தது. கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள். கார்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளை) நீட்டிப் பிடிப்பதுதான் வேலையே. அதை எடுத்துவிட்டால் பாட்டுக்குத் தரையே இருக்காது.

அடுத்தது அரீதா ஃபிராங்க்ளினின் 'ஐ நெவர் லவ்டு அ மேன்'. 1967 ஜனவரி 24, மசில் ஷோல்ஸின் ஃபேம் ஸ்டூடியோவில் பதிவானது. பாட்டை எப்படிப் பிடிப்பது என்று எல்லோரும் திணறிக்கொண்டிருந்தபோது, ஓல்டாம் வூர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோவில் ஒரு சின்னத் துணுக்கை வாசித்தார். மற்றவர்கள் சட்டென்று அதைப் பற்றிக்கொண்டார்கள். அரீதா தானே பியானோ வாசிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். இரண்டு பியானோக்கள் இருந்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. இந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது.

சரி, இனி கீபோர்டுக்கு வாருங்கள். இடது கையை மடியில் வைத்துவிடுங்கள். கீழே பேஸ் கிட்டார் இருக்கிறது, அதன் இடத்தில் உங்களுக்கு வேலை இல்லை. வலது கையில் இரண்டு மூன்று நோட்டுகள் போதும். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடம்தான் உங்கள் இடம். வாசித்ததைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். பாட்டில் ஒரு சொல்லாவது காதில் சரியாக விழவில்லை என்றால், அந்த இடத்தில் கையை எடுங்கள்.

வூர்லிட்சரில் சுத்தியல் எஃகுப் பட்டையை அடிக்கிறது. மெல்லத் தொட்டால் மணி போல ஒலிக்கும், ஓங்கி அடித்தால் உறுமும். அதனால் உணர்ச்சி விரலில் இருக்க வேண்டும். ஆர்கன் அப்படி இல்லை, எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். ஏற்றி இறக்குவது காலடியில் இருக்கும் வால்யூம் பெடல். லெஸ்லி என்னும் சுழலும் ஸ்பீக்கர் வைத்த ஹாமண்டு ஆர்கன் என்றால் சரணத்தில் மெதுவாகச் சுழலவிடுங்கள். கோரஸ் தொடங்கியபின் வேகத்தை மாற்றினால் தாமதமாகிவிடும். சுழற்சி வேகம் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும், முந்தைய வரியின் கடைசியிலேயே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் எண் முறை. நாஷ்வில் செஷன்களில் கார்டுகளை எண்ணாக எழுதுவார்கள். 1, 6-, 4, 5 என்றால் (எண்ணுக்குப் பின் கோடு வந்தால் மைனர்) சி ஸ்கேலில் சி, ஏ மைனர், எஃப், ஜி. பாடகருக்குச் சுருதி எட்டவில்லை என்று ஈ ஃபிளாட்டுக்கு மாறினாலும் தாளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். கீபோர்டில் சுருதியைத் தானாக மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனை மறந்துவிட்டு, எல்லாச் சுருதியிலும் விரலால் பழகுங்கள். டிரம்பெட் போன்ற பிராஸ் வாத்தியங்கள் சேரும் சோல் பாடல்கள் ஃபிளாட் சுருதிகளில் அடிக்கடி வரும்.

கடைசியாக வருமானம். செஷனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அன்றைய கூலி மட்டும்தான். ஓல்டாம் டான் பென்னுடன் சேர்ந்து பாடல்களும் எழுதினார். எழுதியவருக்குத்தான் ராயல்டி தொடர்ந்து வரும். வாசிப்பையும் அவர் விடவில்லை. 1992இல் நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட் மூன்' ஆல்பத்தில் வாசித்தார், 2009இல் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார். நீங்களும் யாருடனாவது சேர்ந்து பாட்டு எழுதினால், யாருக்கு எத்தனை பங்கு என்பதை அன்றைக்கே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.