புது ரோடு போட்டாச்சு, வண்டிகள் பறக்கின்றன: தெருவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் வீரவநல்லூரோ மேலப்பாளையமோ, எங்கே ஒரு தெருவுக்குப் புது ரோடு போட்டாலும் சில நாளில் முக்கில் இந்தப் பேச்சு வந்துவிடும்: “அண்ணாச்சி, பயலுவ பறக்கானுவ. ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டாத்தான் சரிப்படும்.” குறை நியாயமானதுதான். அடுத்து நடப்பதில்தான் கோளாறு. ரோடு போட்ட மிச்ச ஜல்லியும் சிமெண்டும் ஓரமாகக் கிடக்கும். கொத்தனார் ஒருவரைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்குக் குறுக்கே ஒரு மேடு எழும்பிவிடும்.

அந்த மேடுதான் முதல் தவறு. பெரும்பாலும் அது ஓரடி அகலம், அரையடி உயரம், செங்குத்தான இரண்டு பக்கம் என்றே இருக்கும். இந்திய சாலைப் பேரவை தன் வழிகாட்டியில் சொல்லும் வேகத்தடை வேறு மாதிரி. வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. அதாவது பன்னிரண்டு அடிக்கு நாலே அங்குலம். மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிறவர் அதைச் சிரமமில்லாமல் கடப்பார், வேகமாக வருகிறவரைத் தூக்கிப் போடும். இங்கிலாந்தின் சாலை ஆய்வுக் கூடத்தில் 1970-களின் தொடக்கத்தில் சோதித்துக் கண்ட அளவும் இதுதான். குட்டை மேட்டில் கதை தலைகீழ். மெதுவாகப் போகிற சைக்கிள்காரரும் மொபெட்டில் குடம் கட்டிப் போகிறவரும்தான் நன்றாக அடி வாங்குவார்கள். வேகமாக வரும் காருக்கு ‘தட்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மிச்சத்தை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும்.

பைக்கின் பின்னால் ஒருசாய்த்து உட்கார்ந்து, மடியில் பிள்ளையை வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த மேடு என்ன செய்யும் என்று யோசியுங்கள். பிரசவ வலியோடு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகிறவருக்கும் அதே மேடுதான். யாரைத் தடுக்கக் கட்டினோமோ அந்தப் பயல்களோ மேட்டுக்கும் வாறுகாலுக்கும் (தெருவோரச் சாக்கடைக்கும்) நடுவே விட்ட ஒன்றரை அடி இடைவெளியில் புகுந்து போய்விடுவார்கள். ஜனங்கள் நடப்பதும் அந்த ஓரத்தில்தான். மழைநீர் போக ஓரத்தில் வழி விடத்தான் வேண்டும். அது சக்கரம் நுழையும் அளவுக்கு இருக்க வேண்டியதில்லை.

சரியான அளவில் கட்டினாலும் பெயிண்ட் அடிக்காவிட்டால் ராத்திரியில் அது பொறிதான். 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வேண்டும், மேலே ஒரு தெருவிளக்கு எரிய வேண்டும். அடித்த பெயிண்ட் ஓர் ஐப்பசி, கார்த்திகை தாண்டுவதே பெரிது, ஆகவே வருஷா வருஷம் அடிப்பது யார் பொறுப்பு என்று கட்டும்போதே பேசிக்கொள்ளுங்கள். வளைவு திரும்பிய உடனே, பாலத்தின் இறக்கத்தில், வாய்க்கால் மேல் போகும் சிறு பாலத்தை ஒட்டி எல்லாம் போடக் கூடாது. ஒன்றுக்கு மேல் தேவைப்பட்டால் நடுவே 100 முதல் 120 மீட்டர் விடச் சொல்கிறது வழிகாட்டி. நம் ஊரில் அந்தக் கணக்கு கிடையாது. தெருவில் செல்வாக்கான வீடு எது என்று வேகத்தடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

மேட்டைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், எதற்கெடுத்தாலும் மேடு என்று கிளம்புவதையே நான் பெரிய தவறு என்பேன். ஒரு வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைத் தெருவின் அமைப்புதான் பெருமளவு தீர்மானிக்கிறது. நேராக, அகலமாக, முக்குகள் வழவழவென்று வளைந்து திரும்பினால் கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்கும். வாறுகாலை மூடி, அதையும் ரோட்டோடு சேர்த்து அகலப்படுத்தினால் எல்லாருக்கும் சந்தோஷம். வேகமும் அன்றைக்கே கூடிவிடும். கிடைத்த அகலம் முழுவதையும் வண்டிக்கே கொடுக்காமல் ஒரு பக்கம் நடைபாதைக்கு ஒதுக்குவது, ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டு ஓடுபாதையை ஒடுக்குவது, முக்கில் வளைவைச் சிறிதாக்கி வண்டி நின்று திரும்பும்படி செய்வது, பள்ளிக்கூட வாசலில் நடப்பவர் கடக்கும் இடத்தையே தட்டையாக உயர்த்திவிடுவது என்று வழிகள் இருக்கின்றன. கல்விக்கூடங்கள் நெருங்கி நிற்கும் பாளையங்கோட்டையில் இந்தக் கடைசி வழி நிறைய இடத்தில் பொருந்தும்.

டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை தேருக்காக அகலமாக விடப்பட்ட தெருக்கள். ஆனித் தேரோட்டத்தன்று ஆயிரக்கணக்கான கைகள் வடம் பிடிக்க, தேர் ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டாது. மற்ற நாளில் அதே அகலம் பைக்குகளுக்கு வசதியாகிவிடுகிறது. தேர் உருள வேண்டிய பாதையில் கான்கிரீட் மேடு எழுப்புவது புத்திசாலித்தனமில்லை. இப்படிப்பட்ட தெருவுக்குக் கோடு, நகர்த்தக்கூடிய பூத்தொட்டி, தேருக்கு முன்னால் கழற்றி எடுக்கும் தூண் போன்றவைதான் சரி. கல்லிடைக்குறிச்சி மாதிரி தேர் ஓடும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

வேகம் உண்மையிலேயே அதிகமா என்று பார்க்காமலே முடிவெடுப்பது இன்னொரு தவறு. சைலன்சரை மாற்றிய பைக் மெதுவாகப் போனாலும் பறப்பதுபோல் கேட்கும். ஓசையில்லாத மின்சார ஸ்கூட்டர் வேகமாகப் போனாலும் தெரியாது. சோதிப்பது லேசு. தெருவில் 50 மீட்டரை டேப்பால் அளந்து, இரண்டு முனையிலும் மின்கம்பம் மாதிரி ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் போதும். அந்த 50 மீட்டரை 6 விநாடியில் கடந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். நாலரை விநாடி என்றால் 40. 3.6 விநாடி என்றால் 50. காலையில் பள்ளிக்கூட நேரத்திலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் எண்ணினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஏன் 30-ஐ ஒரு கணக்காக வைக்கிறோம்? ஒரு பிள்ளை பந்தின் பின்னால் ஓடி வருவதைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். 30-ல் வரும் வண்டி அதற்குள் எட்டு மீட்டர் போயிருக்கும். 50-ல் வருவது 14 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நிற்க ஆகும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதனால் 50-ல் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது வண்டி இன்னும் பிரேக்கே பிடித்திருக்காது. நடப்பவரும் வண்டியும் கலந்து போகும் இடங்களில் 30-க்கு மேல் கூடாது என்று சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனத்தில் உலக நாடுகள் சொன்னதற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

நம் சட்டத்தின் உச்சவரம்பு இதைவிட மிகவும் தாராளம். மத்திய அரசு 2018-இல் அறிவித்தபடி நகராட்சிச் சாலைகளில் கார் 70 வரை போகலாம், பைக் 60 வரை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி மாநில அரசோ, அது அதிகாரம் கொடுத்தவர்களோ குறிப்பிட்ட சாலைக்கு இதைவிடக் குறைத்து அறிவிக்க முடியும். ஆகவே ‘மெதுவாகச் செல்லவும்’ என்று தெருக்காரர்களே எழுதி மாட்டும் போர்டை நம்பி உட்கார வேண்டாம், அதை மீறினார் என்று யாருக்கும் அபராதம் போட முடியாது.

மெயின் ரோடு ஊருக்குள் நுழையும் இடங்களில் தவறுகள் வேறு விதம். இரும்புத் தடுப்புகளை வளைத்து வளைத்து வைக்கிறார்கள், பகலில் பலன் தருகிறது. ஒளிரும் பட்டை உரிந்து, விளம்பரம் மட்டும் மிச்சமிருக்கும் தடுப்பு ராத்திரி இரண்டு மணிக்கு லோடு லாரிக்காரருக்குக் கண்ணில் படாது. பிசானப் பருவ நெல் அறுவடையில் ரோட்டில் நெல் காயப்போட்டு, சுற்றிலும் கல் அடுக்குவோம். நெல்லை அள்ளிவிட்டுக் கல்லை அப்படியே விட்டுப் போவது அதைவிட மோசம். களம் இல்லாத ஊரில் நெல்லை எங்கே போடுவது என்ற கேள்வி இருக்கிறது, மறுக்கவில்லை. கல்லையாவது இருட்டுமுன் எடுத்துவிடலாமே.

ஒரு தெருவை மட்டும் சரிசெய்து பக்கத்துத் தெருவைக் கெடுப்பதும் நடக்கும். டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே நெரிசல் என்றால் ஷேர் ஆட்டோவும் பைக்கும் குறுக்கு வழியில் புகும். இப்போது போன் மேப் வேறு வழி காட்டுகிறது. அங்கே ஒரு தெருவில் தடை போட்டால் அடுத்த தெரு அந்தச் சுமையை வாங்கும். நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து பேசி, உள்ளே வரலாம், ஆனால் மறுபக்கம் தாண்டிப் போக முடியாது என்று ஏதாவது ஓரிடத்தில் வழியை அடைப்பதே பல சமயம் எல்லா மேடுகளையும்விடச் சிக்கனம்.

பறக்கிற பயல்கள் வெளியூர்க்காரர்கள் என்று நினைப்பது நமக்கு வசதி. வண்டி எண்ணைக் குறித்துப் பார்த்தால் பாதி நம் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும். பதினெட்டு நிரம்பாத பையன் கியர் வண்டி ஓட்டி மாட்டினால், 2019 திருத்தத்தில் வந்த 199-அ பிரிவின்படி வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து.

அப்புறம் மனு. ரோடு யாருடையது என்று தெரியாமல் கொடுத்தால் மேசை மேசையாக அலையும். உள்தெரு என்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்து. ஊருக்கு நடுவே போகும் மெயின் ரோடு பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் போகும் நாற்கரச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது, அதில் போய் வேகத்தடை கேட்டால் கிடைக்காது. யாருடையது என்றே புரியவில்லையா, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மாவட்டத்தில் கலெக்டர்தான் தலைவர். “வேகத்தடை வேண்டும்” என்று மட்டும் எழுதாமல் எந்த இடம், எந்த நேரம், எண்ணிய வண்டிகளில் எத்தனை 40-ஐத் தாண்டின, அங்கே யார் கடக்கிறார்கள் என்று எழுதுங்கள். எதைப் போட வேண்டும் என்பதை இன்ஜினீயர் வந்து பார்த்துச் சொல்லட்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து, அதே 50 மீட்டரில் அதே நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். பெரும்பாலான வண்டிகள் இன்னும் ஐந்து விநாடிக்குள் கடந்தால் அந்தக் கணக்கோடு இரண்டாவது மனு கொடுக்கலாம்.