பழைய கார்வெட் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1963 முதல் 1967 வரை மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் ஆலையில் உருவான செவ்ரோலே கார்வெட் ஸ்டிங் ரே என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்பது எங்கள் பட்டறையின் வேலை. முன்பு பலரும் செய்து நொந்த பிழைகளையே புதிதாக வாங்குவோர் இன்றும் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். எண்ணெய்க் கசிவைக் கவனிப்பது, ஓட்டிப் பார்ப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணாடியிழை உடல், ஆகவே துரு இல்லை என்று நம்புவது

1953இல் ஃபிளின்ட் நகரில் தயாரான முதல் 300 கார்கள் தொட்டே கார்வெட்டின் வெளியுடல் கண்ணாடியிழையால் ஆனது. அந்த உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டு பலர் துருவைத் தேடுவதே இல்லை. ஆனால் 1963இல் வந்த இரண்டாம் தலைமுறை உடலுக்குள், பயணிகள் அமரும் பகுதியைச் சுற்றி, முந்தைய தலைமுறையைவிட மிகுதியான எஃகு இருக்கிறது. ‘பேர்ட்கேஜ்’ எனப்படும் அந்தச் சட்டக்கூடுதான் முன்கண்ணாடியையும் கதவுக் கீல்களையும் தாங்குகிறது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்ததும் மழைநீர் தூண்களுக்குள் இறங்கி, கீல் தூணின் அடியில் தேங்கி, எஃகை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்குகிறது. வெளியே சாயத்தில் ஒரு கொப்புளம்கூட எழாது.

புதுச் சாயம் பூசிய 1966 கன்வெர்ட்டிபிள் (கூரையை மடக்கக்கூடிய கார்) ஒன்றை வாங்கிய இளைஞர் ஒருவர், கதவு சற்று இறங்கியிருக்கிறது, கீலைச் சரிசெய்தால் போதும் என்று சொல்லி எங்களிடம் கொண்டுவந்தார். டாஷ்போர்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது, கீல் தூணின் அடிப்பகுதி விரல் பட்டதும் உதிர்ந்தது. உடலுக்கும் அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிக்கும் இடையே செருகும் ஷிம் தகடுகளை அளவுக்கு மீறி அடுக்கிக் கதவின் இடைவெளியை மறைத்திருந்தார்கள். அடுக்கியவருக்குத் துரு தெரியாமல் இருந்திருக்க முடியாது என்பதே எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. கண்ணாடியிழைப் பலகைகள் அந்தக் கூட்டோடு பசையாலும் ரிவெட்டாலும் பிணைக்கப்பட்டிருப்பதால், அவற்றைப் பிரிக்காமல் எஃகைச் சீர்செய்ய இயலாது. எஞ்சினை முழுதாகப் புதுப்பிப்பதைக் காட்டிலும் கடினமான வேலை அது. மேலும், காரின் அடையாள எண் தகடு க்ளவ் பாக்ஸுக்குக் கீழுள்ள எஃகுப் பட்டையில்தான் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டி மாற்ற நேர்ந்தால் பதிவுச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, பணம் பேசுவதற்கு முன் இரு பக்க மூடிகளையும் கழற்றி விளக்கடித்துப் பாருங்கள். தரைவிரிப்பின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் சேஸி மேல்நோக்கி வளையும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

பிளவுபட்ட பின்கண்ணாடியைப் பார்த்ததும் மயங்குவது

பின்கண்ணாடியின் நடுவே ஓடும் பட்டை 1963 கூபேக்கு (நிலையான கூரையுள்ள காருக்கு) மட்டுமே உரியது. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் அதை வற்புறுத்தினார். பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டண்டோவ், பின்பார்வையை மறைக்கிறது என்று எதிர்த்தார். மறு ஆண்டே அது நீக்கப்பட்டது. அக்காலத்தில் சில உரிமையாளர்கள் தாங்களாகவே பட்டையை வெட்டி ஒற்றைக் கண்ணாடி பொருத்திக்கொண்டார்கள். அப்படி வெட்டப்பட்டுப் பின்னர் மீண்டும் ஒட்டப்பட்ட கார்களும் உண்டு என்பதால், பட்டையின் உட்புறத்தில் ஒட்டுவேலையின் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எஞ்சின் எண்ணைப் படத்தில் பார்த்து நம்புவது

எஞ்சினில் எண் பொறித்திருக்கும் முத்திரைத் தளத்தைச் சீவிப் புது எண் பொறிப்பவர்கள் இருக்கிறார்கள், நேரில் பாருங்கள்.

மணல் பீய்ச்சிப் பழைய சாயத்தை அகற்றுவது

வேண்டாம், கண்ணாடியிழை சிதையும்.

ஓட்டாமல் நிறுத்தியே வைத்திருப்பது

1965இல் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கேலிப்பர் ஒவ்வொன்றிலும் நான்கு பிஸ்டன்கள் உண்டு. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சுவதால், நெடுநாள் அசையாமல் நிற்கும் காரில் அந்தப் பிஸ்டன்கள் இயங்கும் வார்ப்பிரும்புத் துளைகள் அரித்து, சீல்கள் கசியத் தொடங்கும். துளைகளுக்குள் துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் (உள்ளுறை) இட்ட கேலிப்பர்கள் கிடைக்கின்றன. காரை வாங்கியதும் முதலில் பழையவற்றை நீக்கி அவற்றைப் பொருத்துங்கள், சாயம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.