படத்தால் ஏமாந்தவர்கள் ‘அவதார்’ தொடரைப் பார்க்கும் முறை

எம். நைட் ஷியாமளன் 2010இல் இயக்கிய ‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ படத்தைப் பார்த்து மனம் சலித்து, அந்தக் கதையையே ஒதுக்கிவிட்டவர்கள், 2005 முதல் 2008 வரை ஒளிபரப்பான ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற மூல அனிமேஷன் தொடரை முதலிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும். 61 அத்தியாயங்களா என்று மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்கும் குறைவுதான்.

ஆறாவது அத்தியாயத்தில் சற்று நிதானியுங்கள். மண்ணை ஆளும் ஆற்றல் படைத்தவர்களை, மண்ணே இல்லாத நடுக்கடலில், உலோகத் தளமொன்றில் சிறை வைத்திருப்பார்கள். நிலக்கரியை அவர்கள் முன் கொண்டுவந்து குவித்த பிறகும் அவர்கள் கையை உயர்த்தத் தயங்கும் அந்தச் சில நொடிகளில், நம்பிக்கை இழந்த மனிதர்களின் முகங்களைக் கவனியுங்கள். பிறகு படத்தில் அதே பகுதியைப் போட்டுப் பாருங்கள். அங்கே சிறையைச் சுற்றிலும் மண்ணும் பாறையும் கிடக்கின்றன. அவர்கள் ஏன் அடங்கிக் கிடந்தார்கள் என்பதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. ஆறு பேர் சேர்ந்து அசைந்தாடிய பின் ஒரேயொரு பாறை மெல்ல மிதந்து வருவது என்னை இன்றும் வருத்துகிறது.

வேடிக்கையான அத்தியாயங்களையும் தாண்டிச் செல்லாதீர்கள். முதல் பருவத்தின் 20 அத்தியாயங்களை இரண்டு மணி நேரத்துக்குள் அடைத்த படம் முதலில் இழந்தது, கதையின் நாயகனான சிறுவன் ஆங்கின் சிரிப்பைத்தான்.