கோடு பூஜ்யமான கதை: சி நிரலில் பிழையைக் கையாளும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அப்பா ஒரு மழைமானி வைத்திருந்தார். தினமும் காலை 8.30 மணிக்கு, வானிலைத் துறை அளக்கும் அதே நேரத்தில், மேலே போய் அளந்துவிட்டு வந்து நோட்டில் எழுதுவார். மில்லிமீட்டரில் ஒரே ஓர் எண். மழை இல்லாத நாளுக்கு 0. 2011 டிசம்பர் 30ஆம் தேதிக்கு மட்டும் எண் இல்லை. சிறிய கோடு ஒன்று இருக்கிறது. அன்று காலைதான் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மாவட்டத்தின் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் சாய்த்த காற்று எங்கள் மழைமானியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அக்கா மகள் இந்த ஆண்டு சி படிக்கத் தொடங்கினாள். பயிற்சிக்காக அந்த நோட்டைக் கொடுத்தேன். வரிக்கு ஒரு நாள் என்று கோப்பில் தட்டிவிட்டு, மாதத் தொகையைக் கணக்கிடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் நிரல் ஓடியது, தொகையும் வந்தது. நாள்வாரியாக அச்சிட்டுப் பார்த்தவள் 30ஆம் தேதியில் நின்றுவிட்டாள்.

“மாமா, புயல் அடித்த அன்று பூஜ்யம் என்று வருகிறதே, மழையே பெய்யவில்லையா?”

அவளுடைய நிரலில் கம்பைலர் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓடும்போதும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஆனாலும் நோட்டில் ‘தெரியாது’ என்று இருந்தது, திரையில் ‘இல்லை’ என்று மாறிவிட்டது. சி மொழியில் பிழையைக் கையாளுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்காது. அந்த நிரலை அவளும் நானும் திருத்திய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஃபங்ஷன்களின் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: திரும்பி வரும் மதிப்பைப் பாருங்கள்

ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் ஒரு தவறு நடந்தால் நிரல் அங்கேயே நின்று கூச்சல் போடும். சி அப்படிச் செய்யாது. வேலை நடக்கவில்லை என்பதை ஒவ்வொரு ஃபங்ஷனும் தான் திருப்பித் தரும் மதிப்பில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். கேட்டுக்கொள்வது அழைத்தவரின் பொறுப்பு.

சொல்லும் விதம்தான் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் மாறும். கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பன், நினைவகத்தில் இடம் கேட்கும் மெலாக் போலப் பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, தருபவை தோற்றால் ‘நல்’ என்ற எதையும் சுட்டாத பாயின்டரைத் தரும். ரீட், ரைட் போன்ற யூனிக்ஸ் அழைப்புகள் தோற்றால் -1 தரும். கோப்பை மூடும் எஃப்குளோஸ் வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் இஓஎஃப் என்ற மாறிலி. பிரின்ட்எஃப் தோற்றால் எதிர்மறை எண். பல வேலைகளை ஒரே சமயத்தில் ஓட்ட உதவும் பீதிரெட் குடும்பத்து ஃபங்ஷன்கள் பிழை எண்ணையே நேராகத் திருப்பித் தந்துவிடும். ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும் ஸ்ட்ர்கம்ப் 0 தந்தால் இரண்டும் சமம் என்று பொருள், அதில் வெற்றி தோல்விக்கே இடமில்லை. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு ஃபங்ஷனை முதல்முறை பயன்படுத்தும்போது அதன் கையேட்டுப் பக்கத்தில் திரும்பி வரும் மதிப்பு பற்றிய பகுதியை மட்டுமாவது படியுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

கோப்பைத் திறக்கும் இடத்திலிருந்து தொடங்கினோம்:

    கோப்பு = எஃப்ஓப்பன்(பெயர், "ஆர்");
    இஃப் (கோப்பு == நல்) {
        பெர்ரர்(பெயர்);
        ரிட்டர்ன் எக்ஸிட்_ஃபெயிலியர்;
    }

பழைய நிரலில் இந்த இஃப் இல்லை. கோப்பின் பெயரை ஓர் எழுத்து மாற்றி ஓட்டிக் காட்டினேன். நல் பாயின்டரைக் கொண்டு படிக்கப் போய் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று சொல்லி நிரல் செத்தது. அந்தச் செய்தியைப் பார்த்து, பெயரைத் தவறாகத் தட்டிவிட்டோம் என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்? இஃப் சேர்த்த பிறகு கோப்பின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அதையடுத்து அப்படி ஒரு கோப்பு இல்லை என்ற ஆங்கில வாசகம், எல்லாம் ஒரே வரியில் வந்தன.

படி 2: காரணம் எர்நோவில் இருக்கிறது

அந்த வாசகம் எங்கிருந்து வந்தது? நல் என்பது தோற்றதை மட்டும் சொல்லும். ஏன் தோற்றது என்பதற்கு எர்நோ என்ற மாறி இருக்கிறது. அதே பெயருள்ள தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் கிடைக்கும். லினக்ஸில் கோப்பு இல்லை என்றால் அதில் 2 இருக்கும், அனுமதி இல்லை என்றால் 13, வட்டில் இடம் இல்லை என்றால் 28. இந்த எண்களை நிரலில் எழுதாதீர்கள். வேறு இயங்குதளத்தில் அவை மாறலாம். இஎன்ஓஇஎன்டி, இஏசிசிஇஎஸ் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெர்ரர் எர்நோவைப் பார்த்து அதற்குரிய வாசகத்தை அச்சிடும். வாசகம் மட்டும் கையில் வேண்டும் என்றால் ஸ்ட்ரெரர்.

எர்நோ விஷயத்தில் தொடங்குகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு.

வெற்றி பெற்ற ஃபங்ஷன் எர்நோவைப் பூஜ்யமாக்கும் என்று நம்புவது முதலாவது. நூலகத்தின் எந்த ஃபங்ஷனும் அதைப் பூஜ்யமாக்காது. வெற்றி பெற்ற ஒன்று அதில் ஏதாவது எண்ணை விட்டுவிட்டுப் போகவும் அனுமதி உண்டு. அதனால் எர்நோவைப் பார்த்துத் தோல்வியை முடிவு செய்யக் கூடாது. முதலில் திரும்பி வந்த மதிப்பு, அது தோல்வி என்றால் மட்டுமே எர்நோ.

இரண்டாவது, பிழைக்கும் பெர்ரருக்கும் நடுவே வேறு வேலை செய்வது. அக்கா மகள் ‘திறக்க முடியவில்லை’ என்று ஒரு பிரின்ட்எஃப் எழுதிவிட்டு அதற்குக் கீழே பெர்ரர் எழுதியிருந்தாள். அந்த பிரின்ட்எஃப்பே எர்நோவை மாற்றிவிடக்கூடும். மாற்றிவிட்டால் உண்மைக் காரணம் போய், சம்பந்தமே இல்லாத வேறொரு காரணம் திரையில் நிற்கும். நடுவில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் எர்நோவை உடனே ஓர் இன்ட் மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஏடூஐயைக் கைவிடுங்கள்

கோடு பூஜ்யமானது இங்கேதான். எழுத்தை எண்ணாக்க அவள் பயன்படுத்தியது ஏடூஐ. கல்லூரிகளில் முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். அதற்கு ஒரு கோட்டைக் கொடுத்தால் 0 தரும். ‘மழை’ என்று கொடுத்தாலும் 0. உண்மையான 0 கொடுத்தாலும் 0. மூன்றையும் பிரித்துச் சொல்ல அதற்கு வழியே கிடையாது. எல்லை தாண்டிய எண்ணைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியின் தரநிலையிலேயே உத்தரவாதம் இல்லை. உள்ளீடு எங்கிருந்து வந்தாலும் சரி, ஏடூஐ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மாற்று, ஸ்ட்ர்டோல். எஸ், டி, ஆர், டி, ஓ, எல் என்று ஆறு எழுத்துகள். இதைத் தனி ஃபங்ஷனாக்கினோம்:

    எர்நோ = 0;
    எண் = ஸ்ட்ர்டோல்(வரி, &முடிவு, 10);
    இஃப் (முடிவு == வரி) ரிட்டர்ன் எண்_இல்லை;
    இஃப் (எர்நோ == ஈரேஞ்ச்) ரிட்டர்ன் எல்லை_மீறல்;
    இஃப் (*முடிவு != வரிமுடிவு) ரிட்டர்ன் மிச்சம்_உண்டு;
    இஃப் (எண் < 0) ரிட்டர்ன் எதிர்மறை;
    *அளவு = எண்;
    ரிட்டர்ன் சரி;

ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம். ஸ்ட்ர்டோல் எண்ணைத் திருப்பித் தருவதோடு, எந்த எழுத்தில் படிப்பதை நிறுத்தியது என்பதை ‘முடிவு’ என்ற பாயின்டரில் வைக்கும். நிறுத்திய இடமும் தொடங்கிய இடமும் ஒன்றே என்றால் ஓர் இலக்கம்கூடக் கிடைக்கவில்லை என்று பொருள். எண் மிகப் பெரிது என்றால் லாங் வகையின் உச்ச மதிப்பைத் தந்துவிட்டு எர்நோவில் ஈரேஞ்ச் வைக்கும். அந்த உச்ச மதிப்பே உள்ளீடாகவும் வந்திருக்கலாம் அல்லவா? எனவே மதிப்பை மட்டும் பார்த்துப் பிழையைத் தீர்மானிக்க முடியாது. முதல் வரியில் எர்நோவை நாமே பூஜ்யமாக்கியது அதற்காகத்தான். முந்தைய படியில் சொன்ன விதிக்கு நூலகம் வைத்திருக்கும் சில விலக்குகளில் இது ஒன்று.

மூன்றாவது இஃப் எங்களுக்கு உடனே பலன் தந்தது. 17ஆம் தேதியில் 10 என்பதற்கு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டியிருந்தாள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஏடூஐ அதை 1 என்று எடுத்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ர்டோல் ‘ஓ’வில் நின்று காட்டிக் கொடுத்தது. கோப்பிலிருந்து வரி வரியாகப் படிக்கும் எஃப்கெட்ஸ், வரியின் கடைசியில் வரிமுடிவு எழுத்தையும் சேர்த்தே தரும் என்பதால் அதை மட்டும் அனுமதிக்கிறோம். கோப்பின் கடைசி வரியில் அது இல்லாமலும் இருக்கலாம், ஆகவே ஸ்ட்ரிங்கின் இறுதியில் இருக்கும் பூஜ்ய எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி அந்த இஃப்பை நீட்டிக்கொள்ளுங்கள். விண்டோஸில் உருவாக்கிய கோப்பு என்றால் வரிமுடிவுக்கு முன்னால் இன்னோர் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வரும்.

மதிப்பு ஒரு வழியிலும் நிலை இன்னொரு வழியிலும் வருவதைக் கவனியுங்கள். மழை அளவு பாயின்டர் வழியாக, நடந்தது என்ன என்பது ரிட்டர்ன் வழியாக. பூஜ்ய மழையும் தெரியாத மழையும் இனி ஒன்றோடொன்று கலக்கவே முடியாது. அப்பாவின் கோட்டுக்குத் தனி நிலையே கொடுத்தோம்: வரியில் கோடு மட்டும் இருந்தால், ஸ்ட்ர்டோலுக்குப் போகும் முன்பே ‘பதிவில்லை’ என்று திரும்பிவிடும். அது தட்டச்சுத் தவறு இல்லையே. அப்பா அறிந்தே எழுதியது.

இந்த ஃபங்ஷன் திரையில் எதையும் அச்சிடவில்லை, நிரலை நிறுத்தவும் இல்லை. தவறைக் கண்டுபிடிக்கும் இடம் வேறு, அதற்காக என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடம் வேறு. நிரலையே நிறுத்திவிடும் எக்ஸிட்டை உள்ளே ஒளித்து வைத்த ஃபங்ஷனை வேறு நிரலில் எடுத்துப் பயன்படுத்த முடியாது.

படி 4: படிக்கும் சுழற்சி

கோப்பு முடிந்ததா என்று சொல்லும் ஃபங்ஷன் எஃப்இஓஎஃப். ‘எஃப்இஓஎஃப் வரும்வரை படி’ என்று வைல் சுழற்சி எழுதாதீர்கள். படித்துத் தோற்ற பிறகுதான் எஃப்இஓஎஃப் உண்மையாகும். அதற்குள் கடைசி வரி இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும், 31ஆம் தேதி மழை இரட்டிப்பாகும். எஃப்கெட்ஸ் நல் தராத வரை சுற்றுங்கள். சுழற்சி முடிந்ததும் எஃப்எரரைக் கேளுங்கள். கோப்பு இயல்பாக முடிந்ததா, பாதியில் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டார்களா என்பதை அது சொல்லும்.

படி 5: செய்தி யாருக்கு, எந்த வழியில்?

பிழைச் செய்தியை பிரின்ட்எஃப்பில் எழுதினால் அது விடையோடு கலந்துவிடும். விடையை வேறொரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் பிழையும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். எஃப்பிரின்ட்எஃப் கொண்டு, பிழைச் செய்திகளுக்கென்றே இருக்கும் ஸ்டிடிஎர் வழியாக அனுப்பினால் விடை கோப்புக்குப் போகும், பிழை திரையில் நிற்கும்.

செய்திக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட வடிவம் ஜிசிசி கம்பைலருடையது: கோப்பின் பெயர், வரி எண், விவரம். எங்கள் கோப்பில் வரி எண்ணே தேதியாகவும் இருந்தது வசதியாகப் போயிற்று. ‘தவறான உள்ளீடு’ என்று மொட்டையாகச் சொன்னால் 31 வரிகளையும் மனிதர்தான் தேட வேண்டும். முதல் தவறிலேயே நிற்காமல் எல்லா வரிகளையும் பார்த்து எல்லாத் தவறுகளையும் சொல்லும்படி செய்தோம். ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்தி ஓட்டுவது தட்டுகிறவரைக் களைப்படைய வைக்கும்.

மெயின் திருப்பித் தரும் எண்ணும் ஒரு செய்திதான். 0 என்றால் நலம், மற்றவை கோளாறு. ஓட்டி முடித்ததும் முனையத்தில் எக்கோ $? என்று தட்டினால் அந்த எண் தெரியும். தவறான வரி ஒன்றாவது இருந்தால் எக்ஸிட்_ஃபெயிலியர் தருகிறோம். பதிவில்லாத நாளுக்கு அப்படி இல்லை.

படி 6: எழுதி முடித்ததையும் நம்பாதீர்கள்

இதைப் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் விட்டுவிடுகிறார்கள். லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்று ஒரு சிறப்புக் கோப்பு உண்டு. அதில் எதை எழுதினாலும் ‘இடமில்லை’ என்றே பதில் வரும். நிரலின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டோம். விடை எங்கும் போய்ச் சேரவில்லை. ஆனால் நிரல் 0 தந்து முடிந்தது!

காரணம் இதுதான். பிரின்ட்எஃப் உடனே எழுதுவதில்லை. எழுத வேண்டியதை இடையகம் ஒன்றில் சேர்த்து வைத்துவிட்டு வெற்றி என்று சொல்லிவிடும். நிரல் முடியும்போதுதான் உண்மையில் எழுதப்படும், அங்கே தோற்றால் கேட்க யாரும் இல்லை. மெயினின் கடைசியில், விடை போகும் வழியான ஸ்டிடிஅவுட்டுக்கு எஃப்ஃபிளஷ் செய்து (இடையகத்தில் இருப்பதை அப்போதே எழுதவைத்து), அது 0 தராவிட்டால் பெர்ரர் அழைத்துத் தோல்வியோடு முடியுங்கள். நீங்களே எழுதத் திறந்த கோப்பு என்றால் எஃப்குளோஸின் பதிலை இதேபோலக் கேளுங்கள்.

படி 7: திறந்ததை மூடும் வழி ஒன்றாக இருக்கட்டும்

நாள்வாரி அளவுகளை வைக்க மெலாக் சேர்த்ததும் ஒவ்வொரு இஃப்புக்குள்ளும் நினைவகத்தை விடுவிக்க ஃப்ரீ, கோப்பை மூட எஃப்குளோஸ் என்று எழுத வேண்டியதாயிற்று, ஓரிடத்தில் மறந்தும் போயிற்று. இதற்கு, நிரலில் வேறோர் இடத்துக்குத் தாவச் சொல்லும் ‘கோடூ’ கட்டளை நல்ல தீர்வு. கோடூவே கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஃபங்ஷனின் அடியில் ‘முடி’ என்று ஓர் இடம் வைத்து, பிழை வந்த இடத்திலிருந்து அங்கே தாவி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விடுவிப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே பரவலாக இருக்கும் வழக்கம். தொடக்கத்தில் பாயின்டர்களை நல் ஆக்கிவிடுங்கள். நல்லை ஃப்ரீக்குக் கொடுத்தால் ஆபத்தில்லை. எஃப்குளோஸுக்குக் கொடுக்கக் கூடாது, அதற்கு மட்டும் இஃப் வையுங்கள்.

எல்லாம் முடிந்து ஓட்டியபோது முதலில் 17ஆம் தேதியின் ‘ஓ’ ஒரு வரியாகத் திரையில் வந்து நின்றது. நோட்டைத் திறந்து பார்த்துத் திருத்தினாள். மறுபடி ஓட்டியதும் தொகை வந்தது, அதற்குக் கீழே அவளே சேர்த்திருந்த வரியும் வந்தது: ‘30 நாட்களின் கணக்கு. டிசம்பர் 30 அளக்கப்படவில்லை.’